அந்தி மத்தாப்பு வெள்ளி விழா

ரேடியோ கேட்கிறவர்கள் பொதுவாக வம்புக்குப் போகாதவர்கள், ஐயா. ஓரிடத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு அடுத்தவர் பேசுவதைக் கேட்கத் தெரிந்தவர்கள். எங்கள் நேயர் மன்றத்தில் இத்தனை வருடத்தில் ஒரு கைகலப்பு கிடையாது. யாராவது குரலை உயர்த்தினால் செயலாளர் என்ற முறையில் நான் கையை உயர்த்துவேன். அடங்கிவிடுவார்கள்.

என் பெயர் கண்ணாயிரம். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை தொடங்குகிற இடத்தில் எனக்குக் கரும்புக் கொல்லை இருக்கிறது. வெல்லம் காய்ச்ச ஒரு ஆலைக்கொட்டகையும் உண்டு. மனைவி பெயர் செவ்வந்தி. பிள்ளைகள் இல்லை. நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது நீங்கள் உள்ளே வைத்திருக்கும் அந்த நான்கு பையன்களுக்காக. மறியலில் வண்டியை மடக்கித் தையற்காரர் தமிழரசனைச் சாகவிட்டார்கள் என்று அவர்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. நான் செய்த காரியத்தை இன்னொருவன் தலையில் எழுதுவதற்கு நான் ஒப்பமாட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் உங்களுக்கு நியாயம் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குச் சென்னை வானொலியில் வருமே ‘அந்தி மத்தாப்பு’, அதற்காக நடத்துகிற மன்றம் எங்களுடையது. பாட்டு, துணுக்கு, கிராமத்துச் செய்தி, கடைசியில் ஒரு சிரிப்பு நாடகம். அறுபத்திரண்டில் தொடங்கிய நிகழ்ச்சி. நான் முதல் வாரத்திலிருந்து கேட்கிறேன். கள்ளக்குறிச்சியில் மன்றம் வைத்து ஆள் சேர்த்ததும் நான்தான். மலைமேலிருந்து வேடியப்பன் என்று ஒருவர் தேன் விற்க இறங்குகிற சாக்கில் வந்து கலந்துகொள்வார். தமிழரசன் பிற்பாடு வந்தான்.

அவனுக்குச் சொந்த ஊர் தியாகதுருகம். கச்சிராயபாளையம் கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருந்தான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவன் பேசினால் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அதைப் பார்த்து நான்தான், “நீ எழுதேன்டா, ரேடியோவுக்கு அனுப்பேன்டா” என்று சொன்னேன். எழுதினான். நாடகங்கள் ஒலிபரப்பாயின. சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

போன தை மாதம் ‘சாவிக்கொத்து’ என்று ஒரு நாடகம் எழுதினான். அது ஒலிபரப்பான சாயந்திரம் நான் ஊரில் இல்லை. சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டியோடு வரிசையில் நின்றிருந்தேன். மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் தன் சைக்கிள் சாவியை எடுத்து விரலில் மாட்டி ஆட்டினான்.

“வாங்க சாவிக்கொத்து. இன்னா, டீ சொல்லட்டுங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். டீ போடுகிறவனும் சிரித்தான்.

நாடகத்தின் கதையை அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொண்டேன். ஒரு புருஷன். வீட்டில் எல்லாவற்றையும் பூட்டி வைப்பான். அரிசிப் பானைக்குப் பூட்டு, எண்ணெய்க்குப் பூட்டு, ரேடியோவுக்கு மரப்பெட்டி செய்து அதற்கும் பூட்டு. சாவிகளை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு அலைவான். ஒரு நாள் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று மறந்து, தன்னையே உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்வான். பெண்டாட்டி வெளியே நின்று சிரிப்பாள். அவ்வளவுதான்.

நான் பூட்டுகிறவன்தான், ஐயா. அதை மறைக்கவில்லை. ஒரு வீடு ஒழுங்காக இருக்கவேண்டுமென்றால் யாராவது ஒருவர் கையில் சாவி இருக்கவேண்டும். காலையில் அன்றைக்குத் தேவையான அரிசியை நானே அளந்து செவ்வந்தியிடம் கொடுப்பேன். கொல்லைக்குப் போகும்போது கதவை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போவேன். எங்கள் வீடு மலைப்பாதையோரம் தனியாக இருக்கிறது. கண்டவன் போய் வருகிற வழி. அவளுடைய பாதுகாப்புக்குத்தான். அவளும் ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை. தெருப்பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. அதில் உட்கார்ந்து பூக்கட்டுவாள். தமிழரசன் மன்ற விஷயமாக என்னைத் தேடி வருவான். நான் இல்லாவிட்டால் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று, அண்ணன் எங்கே என்று கேட்டுவிட்டுப் போவான்.

அப்படியானால் இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது செவ்வந்தியைக் கேட்டேன். அடிக்கவில்லை. திட்டவுமில்லை.

“நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலீங்க” என்றாள்.

“பின்ன அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கு இன்னாங்க தெரியும். நம்ம கொலதெய்வத்து மேல சத்தியமா சொல்லலீங்க.”

சத்தியம் செய்கிறவர்களிடம் மேற்கொண்டு பேசுவதில் பிரயோசனமில்லை. மறுநாள் செங்கல்லும் சேறும் கொண்டுவந்து அந்த ஜன்னலை அடைத்தேன். கொத்தனார் வைக்கவில்லை. நானே செய்தேன். செவ்வந்தி உள்பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி வரிசைக்கு முன்னால், “வெளிச்சம் கம்மியாயிடுமேங்க” என்றாள். நியாயமான பேச்சு. கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு பல்பு வாங்கிவந்து மாட்டிக்கொடுத்தேன். ரேடியோவை எடுத்துக்கொண்டுபோய் ஆலைக்கொட்டகையில் வைத்தேன். அதன் பிறகு அவள் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். வீடு அமைதியாகிவிட்டது.

ஊர்தான் அமைதியாகவில்லை. பஸ்ஸில் ஏறினால் எவனாவது சாவியைக் குலுக்குவான். கரும்பு வெட்ட வருகிற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். ‘சாவிக்கொத்து கொல்லை’ என்றே வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். தமிழரசன் மட்டும் மாறவே இல்லை. அண்ணே அண்ணே என்று பழையபடியே வருவான். என் முகத்தைப் பார்த்து எப்படி அவனால் அவ்வளவு சாதாரணமாகச் சிரிக்க முடிகிறது என்று நினைப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பான். ஆனால் கேட்டால் எனக்குச் சுட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த நாடகம் என்ன என்று விசாரித்தேன். எனக்குப் பொறுமை ஜாஸ்தி. கரும்பு வைத்தவனுக்கு வருடம் முழுக்கக் காத்திருக்கத் தெரியும்.

ஆவணியில் ஒரு நாள் ஓட்டமும் நடையுமாக வந்தான். அவனுக்கு இளைப்பு உண்டு. வேகமாக நடந்தால் நெஞ்சு விசிலடிக்கும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு தகர டப்பாவில் மாத்திரை வைத்திருப்பான். ஒன்றைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கியபடி சொன்னான்.

“அண்ணே, நம்ம அந்தி மத்தாப்புக்கு இருவத்தஞ்சு வருசம் ஆவுது. வெள்ளி விழா அன்னிக்குப் பழைய நாடகத்துல நல்லதா ஒண்ண எடுத்து மறுபடி போடறாங்களாம். நம்ம சாவிக்கொத்துதான் அண்ணே!”

“அப்படியா” என்றேன்.

“மெட்ராசுக்குக் கூப்ட்டுப் பேட்டிகூட எடுத்துட்டாங்க. அதுல உங்களுக்கு ஒரு சங்கதி வச்சிருக்கேன். இப்ப சொல்ல மாட்டேன். அன்னிக்கு ரேடியோவுல கேளுங்க.”

எனக்குப் புரிந்துவிட்டது. இதுவரை ஊர் மட்டும் சிரித்தது. இனி என் பெயரைச் சொல்லித் தமிழ்நாடு பூராவும் சிரிக்க வைக்கப் போகிறான். அதைத் தடுக்க எனக்கு வழியில்லை. பேட்டி ஏற்கெனவே பதிவாகிவிட்டது. ஆனால் அதைக் கேட்டு அவன் சந்தோஷப்படுவதற்கு நான் இடம்கொடுக்க வேண்டுமா என்பது என் கையில் இருந்தது.

விழாவைக் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைப்பதாக இருந்தது. அதற்குள் மறியல் வாரம் வந்துவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்க ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். கோரிக்கை தப்பென்று நான் சொல்லமாட்டேன். படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்பவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. பஸ் இல்லை, லாரி இல்லை. கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரிக்கு டாக்டரே வந்துசேரவில்லை. விழாவைத் தள்ளிவைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான்தான் கூடாது என்றேன். இருபத்தைந்து வருடம் ஒரு முறைதான் வரும். நடந்து வரக்கூடியவர்கள் என் ஆலைக்கொட்டகைக்கு வாருங்கள், அங்கேயே கேட்போம், கேசரி கிண்டுவோம் என்றேன். செயலாளருக்கு எவ்வளவு பற்று பாருங்கள் என்று வேடியப்பன் மெச்சிக்கொண்டார்.

பட்டாசு வாங்குகிற பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். நிகழ்ச்சியின் பெயரிலேயே மத்தாப்பு இருக்கிறது, கொளுத்தாமல் விடலாமா? பழைய சரக்கு, கொஞ்சம் நமத்தது, மலிவாகக் கிடைத்தது. நமத்த மத்தாப்பில் வெளிச்சம் கம்மி, புகை ஜாஸ்தி. பாம்பு மாத்திரையும் நிறைய வாங்கினேன். கறுப்பாகச் சுருண்டு எழும்புமே, அது. கூடவே ஒரு பாட்டில் சாராயமும் வாங்கி வண்டி வைக்கோலுக்குள் வைத்தேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து தூறல். பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். தமிழரசன் புதுச்சட்டை போட்டு வந்தான். அவனே தைத்தது. காகிதத் தோரணம் கட்ட ஏணியில் ஏறுவதற்காகச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். மடித்து வைக்கும்போது அந்த டப்பா என் கைக்கு வந்தது. என் பையில் போட்டுக்கொண்டேன்.

அவனை முன்வரிசையில், சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்து மாலை போட்டோம். சாரல் அடிக்கிறதென்று கதவைச் சாத்தச் சொன்னேன். வெளியே ஈரமாக இருப்பதால் மத்தாப்பை உள்ளேயே கொளுத்தலாம் என்றேன். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், சிரித்தார்கள். அவன் சிரித்துக்கொண்டேதான் எழுந்தான். பிறகு மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சட்டைப்பையைத் துழாவினான். வேடியப்பன் கதவைத் திறந்து அவனை வெளியே தூக்கிக்கொண்டு போனார்.

“மாத்தரை எங்கண்ணே… டப்பா… இங்கதான…”

“எங்கயாவது வுழுந்திருக்கும். தேடிக்கினு இருந்தா நேரமாவும். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்றேன்.

சாமான் ஏற்றிவந்த என் கட்டைவண்டியைத் தவிர அங்கே வேறு வாகனம் இல்லை. வேடியப்பன் கூட வருகிறேன் என்று ஏறினார். “ஆள் கூடினா மாடு மெதுவாப் போவும். நீங்க இங்க இருந்து நிகழ்ச்சிய நடத்துங்க. அவன் ஆசப்பட்ட விழா, நிக்கக்கூடாது” என்று இறக்கிவிட்டேன். ஒரு டிரான்சிஸ்டரை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவன் நாடகம் வருகிற நாள். வழியில் என்றாலும் கேட்கவேண்டாமா?

மாடுகளை அடிக்கவில்லை. அவை தங்கள் நடையில் போயின. ஊரைத் தாண்டியதும் அவன்மேல் கம்பளியைப் போர்த்தினேன். சாராயத்தைக் கம்பளியிலும் வைக்கோலிலும் தெளித்தேன். அவன் வாசனை பிடித்து என்னை ஒரு மாதிரி பார்த்தான். பேச முடியவில்லை. முகத்தின்மேல் துண்டைப் போட்டேன்.

கொஞ்ச தூரத்தில் ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது. பத்துப் பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற பையன்தான் நீங்கள் பிடித்துவைத்திருக்கும் இளவரசன். மரியாதை தெரிந்த பையன்.

“எங்க பெரியவரே போறீங்க? ஒரு வண்டியும் வுடறதில்ல. ஆஸ்பத்திரி கேசுன்னா சொல்லுங்க. ராஜ்தூத் மோட்டார்சைக்கிள் வச்சிருக்கோம். காலையிலகூட ஒரு புள்ளத்தாச்சியக் கொண்டுபோயி வுட்டேன். கால் மணி நேரத்துல போயிடலாம்.”

“கேசெல்லாம் இல்ல தம்பி. மச்சான். மூணு நாளாக் குடிச்சிக்கினே இருக்கான். அவன் வூட்டுல கொண்டுபோயி போடலாம்னு பாத்தேன்.”

அவன் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான். ஆனாலும் போகவில்லை.

“இன்னா இப்படி இழுக்குது?”

“கொறட்டை. எப்பவும் இப்படித்தான்.”

கம்பளிக்குள்ளிருந்து தமிழரசனின் கை வந்து என் முழங்கையைப் பிடித்தது. நான் அதன்மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். பார்த்தவர்களுக்குப் பாசமாகத்தான் தெரிந்திருக்கும்.

“அப்பன்னா திரும்பிப் போயிடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றான் இளவரசன். சரி தம்பி என்றேன். வண்டியைத் திருப்ப அவர்களே மாட்டைப் பிடித்து உதவினார்கள். இதுதான் அங்கே நடந்தது, ஐயா. அவர்கள் கேட்டார்கள். நான் மறுத்தேன். அந்தப் பையனின் அம்மா ஆயம்மாள் நேற்று என் வாசலில் வந்து, “நீங்க ஒரு வார்த்த சொன்னா எம்புள்ளய வுட்டுருவாங்க” என்று அழுதாள். அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவேண்டியது ஒரு வார்த்தையில் முடியாது என்று.

திரும்பி வரும் வழியில், கோமுகி வாய்க்கால் ஓரம் இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. அங்கே வண்டியை நிறுத்தினேன். மழை விட்டிருந்தது. அவன் முகத்திலிருந்து துண்டை எடுத்துவிட்டு, தலையை உயர்த்தி வைக்கோலில் சாய்த்து, டிரான்சிஸ்டரைத் திருகினேன். பாட்டு ஒன்று முடிந்து நாடகம் ஆரம்பித்தது.

அதை நான் முழுதாகக் கேட்டது அன்றுதான். சிரிப்பாகத்தான் இருந்தது. அரிசிப் பானைக்குப் பூட்டு வாங்கப் போகிற இடத்தில் எனக்கே உதடு விரிந்தது. தமிழரசன் என்னைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொல்ல முயன்றான். “எங்கப்பா… எங்கப்பா…” என்று இரண்டு முறை வந்தது. உயிர் போகிறவர்கள் பெற்றவர்களைக் கூப்பிடுவது சகஜம். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவனுக்கு அப்போது நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலை அடைத்ததையும், டீக்கடையையும், டப்பா என்னிடம் இருப்பதையும். சத்தம் போடவில்லை. ரேடியோவுக்கு இடைஞ்சலில்லாமல் காதோரம் சொன்னேன். அவன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். கெஞ்சுகிறான் என்று நினைத்து எனக்கு நிறைவாக இருந்தது. ஒன்பது மாதமாக எனக்கு அப்படி ஒரு நிறைவு வந்ததில்லை.

நாடகம் முடிந்து பேட்டி வந்தது. ஒரு பெண் கேட்டாள், இந்தக் கதை உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று. அவன் குரல் ரேடியோவிலிருந்து தெளிவாக வந்தது. மூச்சுத் திணறல் எதுவும் இல்லை.

“தோணலீங்க, அது எங்கப்பாதாங்க. தியாகதுருகத்துல அவரத் தெரியாதவங்க இல்ல. அரிசிப் பானைக்கு நெஜமாவே பூட்டு வச்சிருந்தாரு. ரேடியோப் பொட்டிக்கும் பூட்டு. ஒரு நாளு தானே உள்ள மாட்டிக்கினாரு. எங்கம்மா இன்னிக்கும் அத நெனச்சி நெனச்சி சிரிக்கும். அவரு போயிட்டாரு, அந்தச் சிரிப்பு இருக்கட்டும்னு எழுதினேன்.”

அந்தப் பெண் சிரித்துவிட்டு, வேறு யாருக்காவது நன்றி சொல்லவேண்டுமா என்றாள்.

“எங்க மன்றத்துச் செயலாளரு கண்ணாயிரம் அண்ணனுக்குங்க. எழுதுடான்னு சொன்னதே அவருதான். அவரு இல்லன்னா நான் வெறும் துணிதான் தச்சிக்கினு இருந்திருப்பேன். எனக்குக் கூடப்பொறந்த அண்ணன் இல்ல. அவருதான்.”

இருபத்தைந்து வருடத்தில் என் பெயர் ரேடியோவில் வந்தது அதுதான் முதல் தடவை.

நான் அதை அணைத்தேன். அவன் அப்போதும் சாகவில்லை, ஐயா. கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்க்கவில்லை. இப்போது தெரிந்துவிட்டதில்லையா, இனி கொடுத்துவிடுவார் என்கிற மாதிரி பார்த்தான். வாயைக்கூடத் திறந்து வைத்துக்கொண்டான். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மறியல்காரர்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள்; பேசிக்கொள்வதுகூடக் காதில் விழுந்தது. குரல் கொடுத்திருந்தால் ராஜ்தூத் வந்திருக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பையன்களுக்கு உதவும்.

டப்பாவை எடுத்தேன். திறக்கவும் செய்தேன். அப்போதுதான் செவ்வந்தியை நினைத்தேன்.

இவன் பிழைத்து எழுந்தால் நாளைக்கே எல்லாம் தெரிந்துவிடும். அவள் ஒன்றும் சொல்லவில்லை, குற்றமில்லாதவளை நான் சந்தேகப்பட்டேன் என்று டீக்கடையில் பேசுவார்கள். கட்டியவனே சந்தேகப்பட்ட பெண் என்ற பெயர் அவளுக்கு வந்துவிடும். ஒரு பெண் அதைத் தாங்கிக்கொண்டு எப்படித் தெருவில் நடப்பாள்? நான் எதையும் தாங்குவேன். அவள் தாங்கமாட்டாள்.

அவளுக்காகத்தான், ஐயா, டப்பாவை வாய்க்காலில் போட்டேன்.